மக்காச்சோளம் காய்ந்த குளமும் தார்ப்பாய் விரித்த நிலமும்

ஐப்பசி 14, வெள்ளிக்கிழமை
காலை மணி 9.20

மாப்பிள்ளை கோமதிசங்கர் அவர்களுக்கு அத்தான் இசக்கித்துரை எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உங்கள் அக்கா கனகலட்சுமியும் சுகம்; மழைக்கு முன்னால் வலிக்கும் அவளுடைய இடது முழங்கால் மட்டும் இரண்டு நாளாக வலிக்கிறது. கோவையில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாயிருக்க சங்கரன்கோவில் கோமதியம்மனை வேண்டிக்கொண்டு, கோயில் புற்றுமண் ஒரு பொட்டலம் இத்துடன் வைத்திருக்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று தடவை முயன்றேன். தார்ப்பாய் என்று நான் ஆரம்பிக்கும் இடத்திலேயே நீங்கள் கோபப்பட்டு போனை வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

வருகிற வைகாசியில் நீங்கள் ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, உங்கள் அப்பா, எங்கள் மாமா விட்டுப்போன இரண்டு ஏக்கர் நாற்பது சென்டில் வீடு கட்டப் போவதாகச் சொல்லி என்னிடம் இரண்டு பொறுப்புகளை ஒப்படைத்தீர்கள். ஒன்று, அரசாங்கம் போட்டிருக்கும் நில உபயோக வரைபடத்தில் நம் நிலத்தின் நிறத்தை மாற்றுவது. இரண்டு, மாமா போட்ட கிழக்கு வரப்பில் யாரும் மண்வெட்டி வைக்காமல் பார்த்துக்கொள்வது. இரண்டாவதை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். முதலாவதும் நடந்துவிட்டது. நிறம் மாறிவிட்டது. அது எப்படி மாறியது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

புரட்டாசி 9 அன்று 10.40 பஸ்ஸில் சங்கரன்கோவில் போய் அந்த வரைபடத்தைப் பார்த்தேன். சுவர் நீளத்துக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். வீடோ வேறு கட்டடமோ வரும் இடம் மஞ்சள், விவசாயம் பச்சை, தொழிற்சாலை மட்டும் வரும் இடம் ஊதா, தண்ணீர் நீலம். இருபது வருஷத்துக்கு எந்த ஊர் எந்தப் பக்கம் வளரலாம், எந்தப் பக்கம் வளரக்கூடாது என்று அதில் முடிவு செய்திருக்கிறார்கள். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளைக்குள் மனுக் கொடுக்க வேண்டும். நம் ஊரைத் தேட கால் மணி நேரம் ஆனது. கண்டுபிடித்தபோது கிடாரிக்குளம் மஞ்சளாக இருந்தது. அதை ஒட்டி மேற்கே உங்கள் நிலம் நீலமாக இருந்தது. அதாவது குளத்தில் வீடு கட்டிக்கொள்ளலாம், உங்கள் நிலத்தில் மீன் வளர்க்கலாம். அங்கே இருந்த எழுத்தரிடம் கேட்டதற்கு, மேலேயிருந்து எடுத்த படத்தைப் பார்த்துத்தான் குறித்தது, எந்த மாதம் எடுத்த படம் என்று தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உங்கள் அக்கா ஒரே நிமிஷத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தாள். போன மாசியில் மக்காச்சோளத்தை அறுத்து, ஊரே குளத்துக்குள்தான் காயப்போட்டிருந்தது. நான் நம் குவியலை நிலத்திலேயே வைத்து, பனிக்குப் பயந்து நாலு நீலத் தார்ப்பாயால் மூடியிருந்தேன். மேலேயிருந்து பார்த்தவனுக்குக் குளம் மஞ்சள், நிலம் நீலம். எனக்கும் இது சரியாகவே பட்டது. இருபத்தொன்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளராக இருந்தவன் நான். ஒரு வண்டி ஏன் தாமதம் என்பதற்கு இதைவிட மோசமான காரணங்களையெல்லாம் ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஆகையால் நிலத்தை மஞ்சளாக்கச் சொல்லி ஒரு மனு எழுதினேன். சர்வே எண், நான்கு எல்லை எல்லாம் போட்டு, மேற்படி நிலம் மேடான சமதளம், தார் ரோட்டை ஒட்டியது, மின்கம்பம் எண்பது அடி தூரத்தில் உள்ளது, வீடோ மரமோ இல்லை, நாற்பது ஆண்டுகளாக ஒரு சொட்டு தண்ணீர் தேங்கியதில்லை என்று ஒன்றரைப் பக்கம். ஊரில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். நூற்றுப் பன்னிரண்டு பேர் போட்டார்கள். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. காப்பி கொடுத்தார்கள்.

இதற்குள் வார்டு மெம்பர் கருத்தப்பாண்டி ஒரு மனுவோடு வந்தார். குளம் மஞ்சளாகவே இருக்கட்டும், அதில் ஒரு ஆயத்த ஆடை ஆலை வரப்போகிறது, நம் ஊர்ப் பெண்கள் இருநூறு பேருக்கு வேலை என்றார். குளத்தை மூடுவது நியாயமா என்று கேட்டேன். “குளம் எங்கன இருக்கு அண்ணாச்சி? ஆடு மேயுது, பயலுவ கிரிக்கெட் வெளையாடுதானுவ, நீங்க சோளம் காயப்போடுதீய. தண்ணி ஒண்ணுதான் இல்ல” என்றார். நம் மருமகள் சண்முகப்ரியா தினமும் காலை 6.10 வேனில் ராஜபாளையம் பக்கம் மில்லுக்குப் போய் இரவு 8.25-க்குத் திரும்புகிறாள், பல நாள் 8.50 ஆகிவிடுகிறது. பேரன் அவள் முகத்தைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். ஆலை உள்ளூரிலேயே வந்தால் நல்லதுதானே என்று கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளே பேச்சித்தாய் வந்தாள். உங்களுக்கு நினைவிருக்கும், அறுபது ஆடு வைத்திருக்கிறவள். குளம் குளமாகவே இருக்க வேண்டும், ஊருக்குக் குடிதண்ணீர் தரும் கிணறு குளத்துக்குள் இருக்கிறது, அதன்மேல் கட்டடம் வந்தால் கிணற்றை யார் பார்ப்பார்கள் என்று அவள் மகளிடம் சொல்லி எழுதி வாங்கியிருந்தாள். இதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. அதிலும் போட்டேன். வீட்டு வாசலுக்குத் தாளோடு வந்து நிற்கிறவரிடம் பேனா இல்லை என்று சொல்வது நம் ஊரில் வழக்கமில்லை என்பது உங்களுக்கும் தெரியும். ஏழு வருஷம் முன்னால் ஒரே மாதத்தில் ஒயின் ஷாப் வேண்டாம் என்றும் அதை ஊருக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்றும் நாம் மனுக் கொடுத்தோம். இரண்டிலும் உங்கள் கையெழுத்து இருக்கிறது. விடுமுறைக்கு வந்திருந்தீர்கள்.

போன புதன்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். சாட்சி இல்லாமல் பேசக்கூடாது என்று நாலு தார்ப்பாயில் பெரியதைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். இருபத்துநான்கு அடிக்குப் பதினெட்டு. பஸ்ஸில் கண்டக்டர் துரைப்பாண்டி அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். நான் ஓய்வு பெற்ற ஊழியன் என்றேன். “தார்ப்பாயும் ஓய்வு பெற்றதா அண்ணாச்சி?” என்றார். 2016-இல் ஏழு நிமிஷத் தாமதத்துக்காக அவர் பெயரை நான் எழுதிக் கொடுத்ததை அவர் மறக்கவில்லை. தார்ப்பாயைப் படிக்கட்டில் வைக்கச் சொன்னார். அது கரிவலம் ரோட்டு வளைவில் சரிந்து இறங்கி ரோட்டில் பாதியாக விரிந்துவிட்டது. வண்டியை நிறுத்தி மடிக்க நாலு பயணிகளும் நானும் பதினோரு நிமிஷம் எடுத்துக்கொண்டோம். அதற்கு என் பெயரை எழுதிக்கொண்டார்.

அதனால் நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் ஆரம்பித்திருந்தது. விசாரணை நடத்தியது ஒரு பெண் அதிகாரி. வேறு மாவட்டத்துக்காரர், பொறுமையானவர். என் முறை வந்ததும் தார்ப்பாயை மண்டபத்தில் விரித்தேன். முன் இரண்டு வரிசையில் இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். மக்காச்சோளத்தைப் பற்றி முழுவதும் விளக்கினேன். அதிகாரி கடைசிவரை கேட்டுவிட்டு, “ஐயா, மஞ்சள் நாங்க பூசினது. படத்துல தண்ணி தெரியாத புறம்போக்கை வளர்ச்சிக்குன்னு ஒதுக்குனோம். உங்க சோளத்தை நாங்க பார்க்கவே இல்லை” என்றார். நீலமும் அப்படித்தானா என்று கேட்டேன். நீலம் தண்ணீர் தெரிந்த இடம் என்றார். அதுதான் தார்ப்பாய் என்றேன். அவர் தார்ப்பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நம் ஊர் மனுக்கள் மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். குளத்தை மஞ்சளாக வைக்கச் சொல்லி நூற்றுப் பன்னிரண்டு பேர். குளத்தை நீலமாக்கச் சொல்லி நூற்றுப் பன்னிரண்டு பேர். நிலத்தில் தண்ணீர் நிற்காது என்று நூற்றுப் பன்னிரண்டு பேர். மூன்றிலும் அதே ஆட்கள். கருத்தப்பாண்டி மனுவில் பேச்சித்தாயின் கைநாட்டு இருந்தது, பேச்சித்தாய் மனுவில் கருத்தப்பாண்டியின் கையெழுத்து பதவி முத்திரையோடு இருந்தது. மண்டபத்தில் வேறு ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. உங்கள் ஊருக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார். கருத்தப்பாண்டி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சித்தாய்தான் எழுந்தாள்.

“அம்மா, இதுல பொய் ஒண்ணும் இல்ல. எங்க பிள்ளையளுக்கு வேலையும் வேணும், குடிக்கத் தண்ணியும் வேணும். ரெண்டும் வேணும்னுதான் ரெண்டுலயும் பெருவிரல வச்சோம். ஒண்ணு மேல ஒண்ணு வைக்காதியன்னுதான் சொல்லுதோம்.”

அப்படியென்றால் ஆலையை எங்கே வைப்பது என்று அதிகாரி கேட்டார். மேடாக, ரோட்டை ஒட்டி, கரண்டு பக்கத்தில், வீடு மரம் இல்லாமல், தண்ணீர் தேங்காத ஓர் இடம் இருந்தால் சொல்லுங்கள் என்றார். மாப்பிள்ளை, நான் இதை ஒளிக்கவில்லை. அவர் அந்த வரிசையில் சொல்லும்போது எனக்கு அது எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. அவருக்கும் இருந்திருக்க வேண்டும், என் மனுவைக் கையில் எடுத்தார். சத்தமாகவே வாசித்தார். மேடான சமதளம், தார் ரோடு, எண்பது அடியில் மின்கம்பம், நாற்பது ஆண்டுகளாக ஒரு சொட்டு கூட. அதற்கு நூற்றுப் பன்னிரண்டு சாட்சி. இத்தனை தெளிவான மனு இந்தத் தாலுகாவிலேயே தனக்கு வரவில்லை என்றார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். நம் ஊர்க்காரர்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஆக, குளம் நீலமாகிறது. உங்கள் நிலம் நீலத்திலிருந்து ஊதாவாகிறது. ஊதாவில் ஆலை கட்டலாம், வீடு கட்டக்கூடாது. ஆலைக்காரர் உங்களைப் போனில் கூப்பிடுவார். தார்ப்பாயைத் திரும்பக் கொண்டுவரவில்லை. துரைப்பாண்டி டூட்டியில் இருந்தார்.

மாமாவின் மண்ணில் வீடு என்பது உங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். உங்கள் அக்கா புதன்கிழமையிலிருந்து என்னோடு அளந்துதான் பேசுகிறாள். ஆனால் சண்முகப்ரியா நேற்று வேனுக்குப் போகும்போது, “மாமா, அங்கன ஆலை வந்தா நடந்தே போயிருவேன்லா” என்று கேட்டாள். மணி 6.07, வேன் வந்துவிடும் என்றேன். நீங்கள் என்மேல் கோபப்பட்டு ஆயிரம் எழுதலாம், நியாயம்தான். வைகாசியில் கட்டாயம் வாருங்கள், எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறை இருக்கிறது. தங்கச்சிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, கையெழுத்துப் போடுமுன் தாளை வாசிக்கிறவர்களாக வளர ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்
இசக்கித்துரை

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை 7.05. கடிதத்தை நேற்று மாலைத் தபாலில் சேர்க்க முடியவில்லை. பகல் 1.40-க்குப் பிடித்த மழை 5.30 வரை விடவில்லை. மேலே எழுதியதில் நிலத்தைப் பற்றி உள்ள எல்லாவற்றையும் தயவுசெய்து அடித்துவிட்டு வாசிக்கவும். உங்கள் நிலத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. உங்கள் அக்காவின் முழங்காலை வைத்தே அளந்தோம். கிடாரிக்குளத்தில் கிரிக்கெட் நடக்கிறது. மேற்கே கரட்டுக் குன்றிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் போகிற வரத்துக்கால் உங்கள் நிலத்தின் வழியாகத்தான் போயிருக்கிறது; மாமா ஒரு வருஷம் நெல் போட ஆசைப்பட்டு மறித்துப் போட்டதுதான் அந்தக் கிழக்கு வரப்பு. அதிகாரியின் படம் சரி. அது ரெண்டு வருஷம் முந்திய மார்கழிப் பெருமழையில் எடுத்ததாம், எழுத்தர் நேற்று மாலை போனில் சொன்னார். நான் பயிர் வைக்க ஆரம்பித்தது அதற்கடுத்த சித்திரையில்; அதன்பிறகு நேற்றுவரை இப்படி ஒரு மழை இல்லை. எனக்கு முன்னால் அந்த நிலத்தை வாரக் குத்தகைக்கு உழுத பொன்னுச்சாமியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “ஊருக்கே தெரியுமே அண்ணாச்சி. நீங்க அவ்வளவு அழகா எழுதிக் கொண்டாந்திய, எப்படி இல்லங்கது?” என்றார்.

வரப்பில் நாலடி வெட்டினால் தண்ணீர் குளத்துக்குப் போய்விடுமாம், நிலமும் காய்ந்துவிடுமாம். அதற்கான நான்காவது மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டு பேரும் போட்டாகிவிட்டது, முதல் கையெழுத்து உங்கள் அக்காவுடையது. நிலத்துக்காரர் என்று கீழே கோடு போட்ட இடம் உங்களுக்கு. நான் கொடுத்த வார்த்தையை மீறவில்லை, வரப்பில் இதுவரை யாரும் மண்வெட்டி வைக்கவில்லை. பேச்சித்தாய் கடப்பாரை கொண்டுவந்திருக்கிறாள். மாப்பிள்ளையின் பதில் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். வரப்பு மேலேயே நிற்கிறாள்.