ஹால்டன் ரவுண்டானாப் பெரும்போர்

அமெரிக்க நாட்டு மினசோட்டா மண்ணுக்குத் தார்ச்சாலை தந்த பாட்டனின் பேரனும், ஆற்றுக்குப் பாலம் தந்த தந்தையின் தவப்புதல்வனும், ஹால்டன் நகரின் தலைமைப் பொறியாளனுமாகிய ஆரின் ஹால்வர்சன் வாழ்க, அவன் செங்கோலாகிய அளவுகோல் ஓங்குக. அப்பெருமகன் பணிக்காலமெல்லாம் பதித்த கழிவுநீர்க் குழாய்கள் மண்ணுக்கடியில் ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்தன. ஓய்வு பெறுமுன் குலப்பெயரைத் தரைக்கு மேல் நிறுத்த எஞ்சியிருந்தது, தானியக் கிடங்குச் சந்திக்கென அவன் வரைந்த ரவுண்டானா ஒன்றே.

அதற்கு நகர்மன்றம் சம்மதிக்க வேண்டும். நகர்மன்றமோ மக்கள் முகத்தைப் பார்த்தே கை தூக்கும். ஆகவே நூலக மண்டபத்தில் வண்ண வரைபடங்களைச் சேனையென அணிவகுத்து நிறுத்தி, மோதல் புள்ளிகள், வளைவு ஆரம், தாமதக் குறியீடு என்னும் கூரிய அம்புகளை இடைவிடாது பொழிந்தான் நம் வீரன். அம்மழையில் ஒரு துளியும் நனையாத நம் ஊரார் ருபார்ப் கேக் தின்றுகொண்டிருந்தனர். கடைசியில் சோள விவசாயி கெர்மிட் எழுந்தார்.

"எல்லாம் சரிதான் ஆரின். என் அறுவடை மெஷின் அதுல திரும்புமா, திரும்பாதா? அதைச் சொல்லு."

சொல்லால் வெல்லாததைச் செயலால் வெல்வேன் எனச் சூளுரைத்த ஆரின், அடுத்த சனிக்கிழமை பொருட்காட்சித் திடலில் ஆரஞ்சுக் கூம்புகளை நட்டு ரவுண்டானாவை உண்மை அளவிலேயே விரித்தான். நகர்மன்றத்தார் மடக்கு நாற்காலிகளில் கொலுவிருக்க, ஒலிபெருக்கியை வெண்சங்கென ஏந்தி முழங்கினான்:

"ஹால்டன் பெருமக்களே, உள்ளே சுற்றுபவருக்கே வழி. நுழைபவர் காத்திருக்க வேண்டும். உள்ளே வந்தவர் எக்காரணம் கொண்டும் நிற்கலாகாது."

மலை பெயர்ந்து வந்தாற்போல் கெர்மிட்டின் இயந்திரம் புகுந்து, ஒரு கூம்பும் சாயாமல் சுழன்று வெளியேறியது. நகர்மன்றத் தலைவர் டுவேன் தலையைச் சொறிந்தார். "அட, இவ்வளவுதானா? இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

வெற்றித்திருமகள் மாலையோடு எழுந்தேவிட்டாள். பிறகு நான்கு வாயில்களிலும் நான்கு கார்கள் வந்து நின்றன. நடுவே வட்டம் வெறிச்சோடிக் கிடந்தது.

"நீங்க போங்க."

"ஐயோ, நீங்க முதல்ல."

"எனக்கென்ன அவசரம், போங்க."

பொறுக்கமாட்டாத ஆரின், தானே வழிகாட்டத் தன் பிக்கப் வண்டியில் ஏறிப் புயலெனப் புகுந்தான். அவன் பின்னே துணிவு பெற்ற மூன்று வண்டிகள் தொடர்ந்தன. பாதி வட்டம் சுற்றியபோது கிழக்கு வாயிலில், தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் மூதாட்டி மார்லிஸ், தம் பழைய காரில் காத்திருக்கக் கண்டான். ஒரு பெண்மணியைக் காக்கவைத்து முந்திச் சென்ற ஹால்வர்சன் எவனும் இதுவரை பிறந்ததில்லை. மூன்று தலைமுறை வளர்ப்பும் ஒருங்கே அவன் வலக்காலில் இறங்கிப் பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்த மூன்று வண்டிகளும் கிரீச்சிட்டு நின்றன, கூம்புகள் சரிந்தன.

"போங்க மார்லிஸ்."

"உள்ள இருக்கிறவங்களுக்குத்தானே வழி? நீதானே இப்ப சொன்ன."

"பரவாயில்ல, நீங்க போங்க."

"சேச்சே, நல்லா இருக்காது. நீ போ."

வேலியோரம் சாய்ந்திருந்த கெர்மிட் நிதானமாகச் சொன்னார்: "உள்ள வந்தா நிக்கக் கூடாதுன்னு யாரோ மைக்ல கத்தினாங்களே ஆரின், அது யாரு?"

மார்லிஸ் கார் எஞ்சினையே அணைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து கம்பளிப் பின்னலை எடுத்தார். மூன்று தலைமுறைப் புகழ் சுமந்த சிரம் ஸ்டியரிங்கின் மேல் கவிழ, நகர்மன்றத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

அடுத்த மாதம் தானியக் கிடங்குச் சந்தியில், ரவுண்டானாவுக்குப் பதிலாக, நான்கு பக்கமும் 'நில்' பலகை வைத்தார்கள்.