மாப்பிள்ளையின் முப்பது நாள்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் எல்லோரும் சௌக்கியம், ஒருவரைத் தவிர. அவர் லீவில் இருக்கிறார்.

முப்பத்துநான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். 'ஆறு ஆட்கள் ஒரு சுவரை எட்டு நாளில் கட்டினால், நான்கு ஆட்கள் எத்தனை நாளில் கட்டுவார்கள்' என்று எத்தனையோ சுவர்களைக் கட்ட வைத்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், அந்த ஆறு பேருக்கும் லீவே கிடையாதா?" என்று கேட்டாள். "அதெல்லாம் கணக்குல வராது, உட்காரு" என்றேன். அவளிடம் இப்போது மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. காரணம் உங்கள் மகன். நல்லபடியாக இருக்கும்போது எங்கள் மாப்பிள்ளை என்றுதான் சொல்வேன். இன்று கோபமாக இருக்கிறேன், அதனால் உங்கள் மகன்.

பன்னிரண்டு வருடம் ஒரே கம்பெனியில் நிரந்தர லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் கை வைத்தால் போன் வரும். மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் யாரோ நின்றுகொண்டிருப்பார்கள். பேத்திக்கு ஏழு வயதாகிறது. அப்பாவின் முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். அதனால்தான் அவர் யோசித்து யோசித்து கான்ட்ராக்டுக்கு மாறினார். மூன்று மாதம் தொடர்ந்து வேலை, பிறகு முழுசாக ஒரு மாதம் லீவு. "நிரந்தர வேலையை விட்டுட்டு கூலிக்குப் போறான் பாருங்க" என்று நீங்கள் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. அது உங்கள் உரிமை. ஆனால் லீவு தொடங்கிய முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு வந்த முதல் போன் யாருடையது என்று உங்கள் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்.

இவரும் என் மகளும் எங்கள் மாடியில் குடியிருப்பதால் எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. பேத்திக்குப் பச்சை நிற சைக்கிள் வாங்கியாயிற்று. இந்த ஒரு மாதத்தில் ஓட்டக் கற்றுக்கொடுப்பதாக வாக்கும் கொடுத்தாயிற்று. அவளை ஏற்றி உட்கார வைத்து, சீட்டின் பின்பக்கம் கை வைத்தார். போன் அடித்தது. "டேய், சும்மாதானே இருக்கே? கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயேன்." சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு உங்கள் ஊருக்கு பஸ் ஏறினார். உங்கள் கண்ணில் மருந்து விட்டு, அது விரிந்து, பிறகு சுருங்கி, அவர் இங்கே வீடு திரும்பும்போது ராத்திரி. மறுநாள் உங்கள் மகள். "அண்ணா, நீ ஃப்ரீதானே, ரெண்டே ரெண்டு நாள், வீடு மாத்தணும்" என்றாள். போன இடம் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஊரையே லிஃப்டில் ஏற்றி இறக்கிய மனிதர் இரும்பு பீரோவை முதுகில் சுமந்து படியேறினார். பீரோ படுக்கையறைக் கதவுக்குள் நுழையவில்லை என்று மறுபடி இறக்கினார். இரண்டு நாள் ஐந்து நாளாயிற்று. அது முடிந்தால் பழைய கம்பெனி மேனேஜர். "இப்ப நீங்க ஃப்ரீதானே, ஒரே ஒரு சந்தேகம்" என்று தொடங்கி, மாடிப்படியில் நிற்க வைத்து முக்கால் மணி நேரம்; தினமும். வேலையில் இருந்தபோது சம்பளத்துக்குக் கொடுத்த தொல்லையை, இப்போது பாசத்துக்குக் கொடுக்கிறார்.

என் புத்தக அலமாரிகளை நாலு நாள் அவர் இடம் மாற்றியதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது கல்விப்பணி. பழையபடி இருந்ததே நன்றாக இருந்தது என்று திரும்ப வைத்ததும் கல்விப்பணியே.

"முடியாதுன்னு சொல்லுங்களேன் மாப்பிள்ளை" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "வேலை இருக்குன்னா வேலை இருக்குன்னு சொல்லிடலாம் மாமா. லீவு இருக்குன்னு எப்படிச் சொல்றது?"

சம்பந்தி, ஓர் உதாரணம் சொல்கிறேன். கரும்பலகை காலியாக இருந்தால், போகிறவன் வருகிறவன் எல்லாம் கிறுக்கலாம் என்று அர்த்தமா? அடுத்த பாடத்துக்காக அழித்து வைத்திருக்கிறது. இன்னும் எளிதாகச் சொன்னால், மூன்று மாதம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த மனிதருக்கு ஓர் இடம் கிடைக்கிறது. உட்காரப் போவதற்குள் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு விடுகிறீர்கள். கேட்டால், இடம் விட்டவர் நல்ல பிள்ளை என்று ஒரு பாராட்டு வேறு.

இப்படியே இருபத்துநாலு நாள் போய்விட்டது. சைக்கிள் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் ஏறி உட்கார்ந்து அவள் பெடலை மிதித்துக்கொண்டே இருக்கிறாள். நேற்று என்னைக் கூப்பிட்டு, "தாத்தா, நான் ஆயிரம் சுத்து சுத்திட்டேன். இன்னும் சுவர்கிட்டயேதான் இருக்கேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவுக்கு லீவு எப்ப முடியும்? முடிஞ்சா வீட்டுக்கு வந்துடுவாரா?" என்றாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

மிச்சம் ஆறு நாள். இந்த ஆறு நாளும் உங்கள் வீட்டிலிருந்தோ, உங்கள் மகள் வீட்டிலிருந்தோ "சும்மாதானே இருக்கே" என்ற வார்த்தை இந்தப் பக்கம் வரக் கூடாது. கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதியதை வாபஸ் வாங்கப் போவதில்லை. சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் கண் தெளிவாகட்டும். முதலில் இந்தக் கடிதம் தெரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அப்பா

பி.கு.: தபாலில் போட்டால் நாலு நாள் ஆகும் என்றார்கள். மாப்பிள்ளை எப்படியும் சும்மாதான் இருக்கிறார் என்பதால், அவர் கையிலேயே கொடுத்து காலை பஸ்ஸில் அனுப்புகிறேன். போகிற வழிதானே என்று என் பழைய மூக்குக்கண்ணாடியையும் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன். என் வீட்டம்மாவும் உங்களுக்கு ஒரு பை கொடுத்திருக்கிறாள், கொஞ்சம் கனம். மேலே எழுதியதை இப்போதுதான் திரும்பப் படித்தேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். சைக்கிள் மேல் உட்கார்ந்திருப்பவள் என்னைப் பார்க்கிறாள், அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கடிதத்தை வேறு யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. உங்கள் ஊரிலிருந்து ஒரு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது; அதில் ஏறினால் மூன்றரைக்கு இங்கே இருப்பார். வெளிச்சம் ஆறு வரை இருக்கும். இது கணக்கில் வரும். ஆகவே, அவர் வந்து நின்றதும் "வந்ததுதான் வந்தே" என்று தொடங்காமல், பையை வாங்கிக்கொண்டு, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, வெறுங்கையோடு அந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் பாருங்கள்.