அக்கா ஏறுவதற்காக நான்கு தடவை சாயம் பூசிய படகு

மெர்சிங்,
புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய அக்கா புஷ்பவள்ளி அவர்களுக்கு, தம்பி அய்யாவு பணிந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி பிரேமலாவும் உயிரோடு இருக்கிறோம். அங்கே குளுவாங்கில் தாங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அத்தான் போய்ப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. இருந்தாலும் கடிதம் என்றால் கேட்க வேண்டும், ஆகையால் கேட்டுவிட்டேன்.

போன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை. வாட்சாப்பில் என்னை பிளாக் பண்ணிவிட்டதாகத் தங்கள் மகன் ரூபேந்திரன் சொன்னான். அதனால்தான் தபால். முத்திரை கேட்டதற்குத் தபால் நிலையத்துப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, வேலை மனுவா அங்கிள் என்று கேட்டாள். அறுபத்தாறு வயதில் எனக்கு எவன் வேலை தரப்போகிறான்? அது போகட்டும். தாங்கள், தங்கள் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. இனி நீ என்றே எழுதுகிறேன். என் மேல் இருக்கிற கோபத்தோடு இதையும் சேர்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள். அத்தான் ஆசைப்பட்டபடி அஸ்தியை இந்த மெர்சிங் கடலில்தான் கரைக்க வேண்டும். "மாமா படகுலயே போயிடலாம்மா" என்று ரூபேந்திரன் சொன்னதற்கு, "என் புருஷன் விழுந்த படகுல நான் காலு வைக்கமாட்டேன்" என்று நீ சொன்னாயாம். தப்பே இல்லை. மீன் பிடிக்க வந்த மனுஷன் என் படகில் விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார். தளம் வழுக்கியது என்பது ஊருக்கே தெரியும். அந்தத் தளத்தை வழுக்காமல் செய்துவிட்டால் நீ ஏறுவாய், ஏறினால் என்னோடு ஒரு வார்த்தை பேசுவாய் என்று கணக்குப் போட்டு, அத்தானை எரித்த மறுநாளே படகைக் கரைக்கு இழுத்து வேலையைத் தொடங்கிவிட்டேன். "செத்த வீட்டுத் தீட்டோட சாயம் பூசுற மொத ஆளு நீங்கதான்" என்றாள் பிரேமலா. தீட்டு தீருகிற வரைக்கும் காத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுமே, அக்கா.

முதல் தடவை செய்தது என் கஞ்சத்தனம். கார் நிறுத்துகிற இடத்துக்குப் பூசிய சாயத்தில் அரை டின் மிச்சமிருந்தது, அதுவும் தரை இதுவும் தரை என்று பூசிவிட்டேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. தண்ணீரில் இறக்கி ஒரு சுற்று போய் வந்ததும் வெயிலில் தோல் உரிகிற மாதிரி பட்டை பட்டையாகக் கழன்று வந்தது. சாமான் கடை கிபாயத்துல்லா பாயிடம் போய் நின்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "அலமாக், அய்யாவு! வீட்டுத் தரை சும்மா கெடக்கும். படகு நெளியும்யா. நெளியிற எடத்துல அந்தச் சாயம் நிக்குமா?" என்று கேட்டார். அப்புறம் படகுக்கென்றே வருகிற சாயத்தை எடுத்துக் கொடுத்தார். சாயம் ஒரு டின், அதை இறுக்குகிற மருந்து ஒரு டின், இரண்டையும் கலந்து பூச வேண்டும், ஈரம் காய்வதற்குள் மேலே பொடி மணலைத் தூவ வேண்டும். "கொஞ்சம் கொஞ்சமா கலக்குங்க" என்று மூன்று தடவை சொன்னார். நான் மூன்று தடவையும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டிக் கலக்கினேன், அதுவும் மண்டையைப் பிளக்கிற உச்சி வெயிலில். ஒரு ஓரத்தைப் பூசிவிட்டுத் திரும்புவதற்குள் வாளியிலிருந்து புகை வந்தது. பிரேமலா சாம்பிராணி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாயம் கல்லாகிவிட்டது, தூரிகை நடுவில் நட்ட கம்பமாக நின்றுகொண்டது. இப்போதும் நிற்கிறது. வந்தால் காட்டுகிறேன்.

மூன்றாவது தடவை பாய் சொன்னது சொன்னபடி செய்தேன். பழையதைச் சுரண்டி, தேய்த்து, துடைத்து, சிறுகச் சிறுகக் கலக்கி, கரும்பச்சை நிறம் பூசி, வழுக்குமோ என்கிற பயத்தில் இருப்பதிலேயே பெரிய மணலாக வாங்கித் தூவினேன். இரண்டு நாள் காயவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன், எண்ணெய் ஊற்றினேன், மேலே ஏறிக் குதித்தேன். வழுக்கவே இல்லை. பிரேமலாவையும் ஏற்றி நடக்கவிட்டேன், அவளுக்கும் வழுக்கவில்லை. அழுகிற மனநிலையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, உன்னிடம் மறைக்கவில்லை. அந்தச் சமயம் பார்த்துத்தான் பாயின் மகன் மாஹிர் வந்தான், தீவுகளுக்குப் படகு ஓட்டுகிறானே, அவன். சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு அங்கிள். ஆனா அஸ்தி ஏத்துனா உங்க ஆளுங்க யாரும் செருப்பு போட மாட்டாங்கல்ல?" என்றான்.

எனக்கு உயிரே போய்விட்டது. நானும் செருப்போடு குதித்திருக்கிறேன், பிரேமலாவும் செருப்போடு நடந்திருக்கிறாள். அஸ்திக் கலசம் ஏறிய படகில் செருப்புப் போடக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதை ஒரு முஸ்லிம் பையன் வந்து எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். கரும்பச்சை தோசைக்கல்லாகச் சுட்டது, மணல் உள்ளங்காலை வறட்டுத் தேங்காய் துருவுகிற மாதிரி துருவியது. நான்காவது எட்டில் ரத்தம். அப்போதுதான் உன் கால் ஞாபகம் வந்தது. போன வருஷம் சர்க்கரையால் கட்டைவிரலை எடுத்த கால். குத்தினாலும் சுட்டாலும் உனக்கு உறைக்காது, சின்னக் கீறல் பட்டாலும் ஆறாது. வழவழப்பு அத்தானைக் கொண்டுபோயிற்று, சொரசொரப்பு உன்னைக் கொண்டுபோகட்டும் என்று நானே தூவி வைத்திருக்கிறேன். படகிலேயே உட்கார்ந்து அழுதேன், அக்கா. அங்கேயும் சூடு தாங்காமல் எழுந்து நின்று அழுதேன்.

பிறகு மெஷின் வைத்து அவ்வளவையும் தேய்த்து எடுத்தேன். மூக்கிலும் காதிலும் பச்சை. இந்தத் தடவை வெயிலை வாங்காத சந்தன நிறம், மணலுக்குப் பதில் நைசான ரப்பர் தூள். ஒரே சீராக விழட்டும் என்று பிரேமலாவின் மாவுச் சல்லடையில் போட்டுச் சலித்தேன். அவள் என்னோடு பேசாமல் இருப்பது அதனால்தான், உன் விஷயத்தால் இல்லை. நடுவில் மழை வந்தது, நானும் அன்றைக்குப் படகைப் பார்க்க வந்திருந்த ரூபேந்திரனும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றோம். காய்ந்ததும் ஒரு பலூனை ஊதி, தளம் முழுக்க அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். பலூன் உடையாத இடத்தில் உன் பாதத்துக்கும் ஒன்றும் ஆகாது என்பது என் கணக்கு. இரண்டு இடத்தில் உடைந்தது, அங்கே திரும்பத் தேய்த்துப் பூசினேன். கடைசியாகப் பாலும் எண்ணெயும் பூவும் கொட்டி, வெறுங்காலோடு, கையில் ஒரு மண்கலசத்தை ஏந்திக்கொண்டு, கரையில் நிற்கிற படகில் முன்னும் பின்னும் நாற்பது தடவை நடந்தேன். தூண்டிலோடு போன ஒரு மலாய்ப் பெரியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, இறந்தது யார் என்று கேட்டார். இது ஒத்திகைதான் என்றேன். அவர் போன வேகத்தைப் பார்த்தால் இனி அந்தப் பக்கம் மீன் பிடிக்க வரமாட்டார்.

ஆகவே அக்கா, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ரூபேந்திரனோடு வா. பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருக்கிறேன். உனக்கு நாற்காலியும் போட்டு இறுக்கியிருக்கிறேன். தளம் இனி யாரையும் வழுக்கிவிடாது. அதற்கு நான் பொறுப்பு.

அம்மன் உனக்குத் தெம்பைக் கொடுக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, சர்க்கரை மாத்திரையை விட்டுவிடாதே. தூரத்திலிருந்து உன் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி
அய்யாவு

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். ஒட்ட முடியவில்லை. அக்கா, அன்றைக்குத் தளம் வழுக்கவில்லை. பதினோரு மணி வெயில், அப்பளம் காயப்போடலாம், அவ்வளவு உலர்ந்து கிடந்தது. அத்தான் எழுந்து நின்று மீன் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். "ஒன் படகு எருமை மாடுடா அய்யாவு, குத்துனாத்தான் நகரும்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. உட்காருங்கள் என்று சொல்லாமல், ஒரு விளையாட்டுக்கு, என்ஜினை முழுசாக முடுக்கினேன். படகு முன்னால் பாய்ந்தது, அவர் பின்னால் விழுந்தார். ஆஸ்பத்திரியில் எப்படி ஆச்சு என்று நீ கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள், "வழுக்கிடுச்சு புஷ்பா, வயசாச்சுல்ல" என்று சொன்னது அத்தான்தான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பத்தொன்பது நாளும் அவர் அதை மாற்றிச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை படகை மாஹிர் ஓட்டுவான். நான் கரையில் நிற்கிறேன். நீ கூப்பிட்டால் ஏறுகிறேன்.