கணேஸ் பியர் ஆராய்ச்சிக்குப் போன கதை

கண்டி மஹய்யாவ கணேஸ் அன்னைக்கு ஒரு முடிவு எடுத்தான். சும்மா முடிவு இல்லங்க. கல்யாணம் கட்டுனதுக்குப் பெறகு அவனா சொந்தமா எடுத்த மொத முடிவு. பொண்டாட்டி கண்ணு முன்னாடி, கதிரையில கால் மேல கால் போட்டு ஒக்காந்து, ஒரு பியர் குடிக்கிறது!

இதுல என்ன பெருசுன்னு கேக்குறீங்களா? அப்ப ஒங்களுக்கு சுகிர்தாவத் தெரியாது. கணேஸ் எப்பயாச்சும் கூட்டாளிமாரோட ஒரு டின் குடிச்சிட்டு, கொய்யா எலைய மென்னு துப்பி, வாயில ஏலக்காய அடக்கிக்கிட்டு, மூச்சப் புடிச்சிக்கிட்டே வாசப்படி ஏறுவான். அடுப்படிக்குள்ள இருந்து சத்தம் வரும்: "ஏலக்காய் விக்கிற வெலையில அத ஏன் இப்பிடி வீணாக்குறீங்க?" அவ்வளவுதான். அந்த வாரம் பூரா வீட்டுல சோறு இருக்கும், கறி இருக்கும், பேச்சு மட்டும் இருக்காது.

இப்பிடி வாழ்ந்த மனுசன் கண்ணுலதான் போன்ல அந்த விளம்பரம் பட்டிச்சு. கண்டி வாவிக்கு மேல மலையில ஒரு ஹோட்டல். சனிக்கிழம பின்னேரம், 'பியரும் நம்ம பாரம்பரிய சாப்பாடும்'. பொதுமக்களுக்கான சொற்பொழிவு. பேசப் பேச ருசி பாக்கலாம். ஜோடியா வந்தா ஒரு டிக்கட்டுக்கு இன்னொண்ணு சும்மா.

சொற்பொழிவு! அந்தச் சொல்லே அவனுக்குப் பாதி போதைய ஏத்திருச்சு. தவறணைக்குப் போனா குடிகாரன். சொற்பொழிவுக்குப் போனா அறிஞன்!

"சுகிர்தா, சனிக்கிழம நம்ம ஒரு கூட்டத்துக்குப் போறோம்."

"என்ன கூட்டம்?"

"நம்ம பண்பாட்டப் பத்தி. பலாக்காய்க் கறி, மரவள்ளிக் கெழங்கு, கருவாடு..."

"அதெல்லாம் நம்ம அடுப்புலயே இருக்கே. அதுக்கு எதுக்கு ஹோட்டலு?"

"கூடவே கொஞ்சம் தானியங்களப் பத்தியும்."

"என்ன தானியம்?"

"பார்லி."

"கஞ்சியா காய்ச்சிக் குடுப்பாங்களோ?"

"ஊற வச்சி... கொஞ்சம் நொர வர்ற மாதிரி..."

சுகிர்தா வெங்காயம் வெட்டுன கத்தியக் கீழ வச்சா. "பியரா?"

"ஆராய்ச்சி!"

"ஆராய்ச்சி பண்ணிட்டு அந்த எறக்கத்துல ஸ்கூட்டிய யாரு ஓட்டுறது?"

இந்தக் கேள்விக்குத்தான் கணேஸ் காத்துக்கிட்டு இருந்தான். நெஞ்ச நிமித்துனான். "நீதான்! நான் குடிப்பேன், நீ ஓட்டுவ. குடிச்சவன் ஓட்டக்கூடாது பாரு, அதான் சட்டம். நீதான் இதெல்லாம் தொட மாட்டியே!"

"ஓ... அதுக்குத்தான் என்னைக் கூட்டிக்கிட்டுப் போறீங்களா?"

"சாப்பாடும் இருக்கு ஒனக்கு."

சுகிர்தா அவன மேல இருந்து கீழ பாத்தா. பெறகு சிரிச்சா. "சரிங்க. போவோம்."

கணேஸுக்குக் கால் தரையில நிக்கல. பக்கத்துக் கடை நளீர் நானாக்கிட்ட ஓடிப் போய்ச் சொன்னான். நளீர் நானா மடவளை முஸ்லிம் மனுசர். பியரத் தொட்டதும் இல்ல, தொடப்போறதும் இல்ல. ஆனா பொஞ்சாதிமார் விசயத்துல பெரிய அனுபவஸ்தர்.

"தம்பி, பியருக்கு ஒங்கட ஊட்டுல சரி சென்னாவா?"

"ஆமா நானா!"

"சண்ட பிடிக்கல்லயா?"

"இல்ல நானா, சிரிச்சா!"

நளீர் நானா சீனி நிறுத்துக்கிட்டு இருந்த கைய அப்பிடியே நிப்பாட்டுனாரு. "ஏசினா பயமில்ல தம்பி. சிரிச்சா அதுல என்னமோ ஈக்கி."

கணேஸ் காதுல வாங்குவானா? பொறாமன்னு நெனச்சிக்கிட்டான்.

சனிக்கிழம வந்திச்சு. அன்னைக்குத்தான் மாரியம்மன் கோயில்ல கொடியேத்தம். ஸ்பீக்கர் காதப் பொளந்துக்கிட்டு இருந்திச்சு. "போற வழியில ஒரு கும்புடு போட்டுட்டுப் போயிருவோம்"னா சுகிர்தா. போனாங்க. கணேஸ் கோயிலுக்குள்ள நின்னும் கையில இருந்த போன விடல. பியர எப்பிடி மோந்து பாக்கணும், எப்பிடி நாக்குல உருட்டணும்னு ஒரு வீடியோ. அறிஞன் இல்லையா!

"கைய நீட்டுங்க"ன்னாரு பூசாரி. நீட்டுனான். என்னமோ கட்டுனாரு. அர்ச்சனைக் கயிறா இருக்கும்.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க சாமி"ன்னா சுகிர்தா. அவ பக்தியப் பாத்து கணேஸுக்கே புல்லரிச்சிப் போச்சு.

ஹோட்டல் என்னா ஹோட்டலு! கீழ வாவி மினுங்குது. வெள்ளை விரிப்புப் போட்ட மேச. கொழும்புல இருந்து வந்த நிபுணர், நெஞ்சு வரைக்கும் தாடியோட, பியருக்கும் உறைப்புக்கும் என்ன உறவுன்னு விளக்குறாரு. சொந்தக்காரங்களப் பத்திக்கூட யாரும் இவ்வளவு பாசமா பேச மாட்டாங்க. கணேஸ் கால் மேல கால் போட்டான். கண்ண மூடினான். கிளாஸ் வர்ற சத்தம் கேட்டிச்சு. கைய நீட்டுனான்.

கிளாஸ் வரல.

"ஐயய்யோ! கணேஸ் அண்ணே!"

கண்ணத் தொறந்தா, தட்ட நெஞ்சோட அணைச்சிக்கிட்டு ரெண்டு அடி பின்னால போய் நிக்கிறாரு வெயிட்டர். யாருன்னு பாத்தா நம்ம மஹய்யாவ ரமேஸ்! கோயில் கமிட்டி வேற.

"என்னண்ணே இது? கையில காப்பக் கட்டிக்கிட்டு பியருக்குக் கை நீட்டுறீங்க?"

"எது காப்பு?"

கணேஸ் கையப் பாத்தான். மஞ்சக் கயிறு. நடுவுல விரலி மஞ்சத் துண்டு. காப்பேதான்!

"காலையில ஸ்பீக்கர்ல பேர் வாசிச்சதே நான்தானேண்ணே! 'பால்காவடி, கணேஸ்'னு! அக்காதான் ரெண்டு நாளைக்கு முந்தி வந்து பதிஞ்சிட்டுப் போனாங்க. தேர் முடிஞ்சி காப்பு அவுக்கிற வரைக்கும் மச்ச மாமிசம் தொடக்கூடாது, இந்த வாடையே ஆகாது. அம்மா சும்மா விடமாட்டா!"

கணேஸ் மெதுவா சுகிர்தா பக்கம் திரும்புனான். அவ பியர் கிளாஸப் பாத்துக்கிட்டு இருந்தா.

"ரமேசு, ஊத்துனத வீணாக்கக் கூடாது. இங்கிட்டு வைங்க."

"அடியே! நீதான் குடிக்க மாட்டியே!"

"அப்பிடின்னு நான் எப்ப சொன்னேன்?"

"அது... நீ..."

"என்னைக்காச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கணேஸ் யோசிச்சிப் பாத்தான். கேக்கல.

அப்பறம் நடந்தத எப்பிடிச் சொல்றது! வெளிறுன பியருக்கு நெத்திலிப் பொரியல். செவப்புக்கு பலாக்காய்க் கறி. கறுப்புக்கு கொறுக்காப் புளி போட்ட பன்றிக் கறி. சுகிர்தா மோந்து பாத்தா, நாக்குல உருட்டுனா, தலைய ஆட்டுனா. "கறுப்பும் பன்றியும் நல்ல ஜோடி. ஒண்ணு பேசுனா மத்தது அடங்கிப் போகுது"ன்னா. நிபுணர் தாடியே ஆட ஆடக் கை தட்டுனாரு. ஜோடிகளப் பத்தி அவளுக்கு இருக்கிற அனுபவம் அவருக்கு எங்க தெரியும்!

கணேஸுக்கு அவிச்ச மரவள்ளி வந்திச்சு. தொட்டுக்கச் சம்பல்? மாசிக் கருவாடு போட்டது. அதுவும் ஆகாதுன்னு ரமேஸ் பயபக்தியோட தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. வெறுங் கெழங்கு தொண்டையில நிக்கிது. தண்ணி கேட்டான். அதையும் பியர் கிளாஸ்லயே கொண்டாந்து வச்சாங்க, பாவிங்க!

திரும்பி வரும்போது ஸ்கூட்டிய ஓட்டுனது கணேஸ். பின்னால சுகிர்தா என்னமோ பாட்ட முணுமுணுத்துக்கிட்டு வந்தா. வாவிக்கரையில பொலீஸ் மறிச்சி ஊதச் சொல்லிச்சு. வயித்தெரிச்சல் அவ்வளவையும் சேத்து ஊதுனான். ஒண்ணும் இல்ல. நல்ல மனுசன்னு பொலீஸ்காரர் சிங்களத்துல பாராட்டி, முதுகுல தட்டிக் குடுத்து அனுப்புனாரு.

"அடியேய், நீ குடிக்கிறதுக்கா எனக்குக் காப்புக் கட்டுன?"

"குடிச்சவங்க ஓட்டக்கூடாதுங்க. நீங்கதானே சட்டம் சொன்னீங்க."

கணேஸ் ஆக்சிலேட்டர முறுக்குனான். மஹய்யாவ ஏத்தத்துல ஸ்கூட்டி மொனகிக்கிட்டே ஏறிச்சு. சுகிர்தா அவன் தோள்ல தாடைய வச்சி, வெளிறுனது, செவப்பு, கறுப்பு மூணும் மணக்க மணக்கக் காதுல சொன்னா:

"ஏங்க, அடுத்த சனிக்கிழம சாராயமும் கருவாடும் பத்திப் பேசுறாங்களாம், ரெண்டு டிக்கட்டு சொல்லி வச்சிட்டேன். நம்ம தேரு அதுக்கு மறுநாள் ஞாயித்துக்கெழமதானே?"