மூணாவது புலியை அடைக்க விடாத மருமகனுக்கு

விழுப்புரத்தில் பெரிய ஆபீஸில் சின்ன வேலை பார்க்கும் என் தங்கச்சி மகன் அருள்நாதனுக்கு, திண்டிவனத்திலிருந்து உன் தாய்மாமன் ராயப்பன் சொல்லச் சொல்ல என் மருமகள் பிரின்சி எழுதும் கடிதம். மாதா உன் குடும்பத்தைக் காக்கட்டும். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. முந்தாநாள் பிரியாணியோடு நீ போட்ட ஸ்டேட்டஸைப் பார்த்தேன். நான் சுகமில்லை. காரணம் நீ.

போன மாட்டுப்பொங்கல் அன்னிக்கு வாட்ஸ்அப்பில் ஆடுபுலி ஆட்டத்துக்குன்னு குரூப் ஆரம்பிச்சே. இருபத்துமூணு புள்ளிக்கும் நம்பர் போட்டுப் படம் அனுப்பினே. எனக்கு எழுத்தும் வராது, நம்பரும் வராது. பிரின்சி ஒரே தரம் சொன்னா, மனசுல ஏத்திக்கினேன். மத்தவங்க எழுதி ஆட, நான் பேசி அனுப்பிக்கினு இருந்தேன். பத்து மாசம் ஒருத்தருக்கும் வலிக்கலை. மீட்டிங்கில் மேசைக்கு அடியில போனை வச்சு நான் பேசி அனுப்பினதை நீயே அமுக்கிக் கேட்டியாம், "டேய் சவுரிராயா, உன் புலி வாலைப் புடிச்சிட்டேன்டா"ன்னு என் குரல் கத்திச்சாம், அதிகாரி "யாருய்யா அந்தப் புலி?"ன்னாராம். அதுக்கு நானா பொறுப்பு? அன்னிக்கே சட்டம் போட்டே, இனிமே பேசி அனுப்பினா நீக்கம்னு. எப்படிப் போட்டே? எழுத்துல! குரூப்பிலேயே படிக்கத் தெரியாதவன் நான் ஒருத்தன், எனக்குப் போட்ட சட்டத்தை எழுத்துல போட்டிருக்கியே, உனக்குச் சம்பளம் குடுக்கிறவன் யாருடா? மறுநாள் காலையில வழக்கம்போல பேசினேன், தூக்கிட்டே. தாய்மாமனை!

பூக்கடை பாஞ்சாலி, "பெரியவருக்கு இல்லாத குரூப் எனக்கு எதுக்கு?"ன்னு கிளம்பினா, அவ பின்னால ஒன்பது பேர். அவங்கள்ல ஒருத்தன் பாண்டுரங்கன், எதிர்க் குரூப் ஆரம்பிச்சான். அதுல உன்னைத் திட்டறதுதான் வேலை, ஆட்டம் கிடையாது. நீ கோவிச்சுக்கினு மிச்சப் பேரையும் நீக்கிட்டு மூடிட்டே. நாப்பத்திரண்டு பேரைச் சேர்க்கப் பத்து மாசம், கலைக்க நாலு நாள். நீ எப்பவும் இப்படித்தான். தொண்ணூத்தி மூணுல தோக்கப்போறோம்னு தெரிஞ்சதும் கேரம் போர்டு சிவப்புக் காயைக் கால்சட்டைப் பையில வச்சிக்கினு எங்களோட சேர்ந்து தேடினவன்தானே!

ஒலக்கூர் சவுரிராயனோட ஆட்டம் முப்பத்தேழு நாளா நடந்துக்கினு இருந்துது. அவனோட ரெண்டு புலியை அடைச்சிட்டேன். ஒன்பதாம் புள்ளிக்கு ஆட்டை நகர்த்தினா மூணாவதும் அடைப்பு. அதுக்குள்ள நீக்கிட்டே. இப்ப அவன் ஊரெல்லாம், "ராயப்பன் தோக்கப்போறான்னு தெரிஞ்சு தகராறு பண்ணிப் போயிட்டான்"னு சொல்லிக்கினு திரியறான். ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்லயே சிரிக்கிறானுங்க. எனக்கு எழுபத்தியாறு வயசு, ஒரு நகர்த்தல் பாக்கி. ஜல்தியா நாப்பத்திரண்டு பேரையும் சேர்த்துக் குரூப்பைத் திற. எல்லார் முன்னாடியும் அவன் தோக்கணும்.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தம். உனக்கு ஆசீர்வாதம் உண்டு, குரூப்பைத் திறந்த பிறகு.

இப்படிக்கு,
கோபம் தீராத தாய்மாமன்,
ராயப்பன் (கைநாட்டு)

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்குள்ள சவுரிராயனே பஸ் ஏறி வந்துட்டான். தரையில சாக்பீஸால கட்டம் போட்டு, காயெல்லாம் இருந்த இடத்துல வச்சோம். ஒன்பதுக்கு ஆட்டை நகர்த்தினேன். அதுக்குப் பின்னால பதினாலாம் புள்ளி காலியா இருந்ததை முப்பத்தேழு நாளா நான் பார்க்கவேயில்லைடா. புலி தாண்டிச்சு. அப்புறம் வரிசையா நாலு ஆடு போச்சு. பிரின்சி காபி குடுத்து அனுப்பினா. நீ யோசிக்காம எதையும் செய்யமாட்டே, மாமனுக்குத் தெரியும். குரூப்பைத் திறக்காதே. சவுரிராயன் போன் பண்ணி ஜெயிச்சேன்னு சொன்னா, "குரூப்பே இல்லாதப்ப ஆட்டம் ஏதுங்க?"ன்னு கேளு.