பிளேட்டு அண்ணனும் ஒரு பட்டிக்காட்டானும்

அமெரிக்காவுக்கு வந்த தமிழர்களில், நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்காவில் போய்க் குடியேறியவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பிளேட்டு அண்ணன். மற்றவர்களெல்லாம் நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் இறங்கி, ஓக் ட்ரீ ரோட்டில் தோசை தின்று, ரயிலேறி மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவரும் அதே ஊரில்தான் இருந்தார், அதே ரயிலில்தான் வந்தார். ஆனால் ஆள் மட்டும் குதிரை வண்டிக் காலத்தில் இருந்தார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதைச் சம்பளச் சீட்டில் மட்டும் பயன்படுத்தினார்கள். 'பிளேட்டு' என்று பெயர் வந்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அவர் பழைய கிராமபோன் பிளேட்டுகள் வைத்திருந்தார். இரண்டாவது காரணத்துக்கு அந்தப் பெயரைக் கொஞ்சம் மாற்றி 'பிளேடு' என்று எழுத வேண்டும். அவரிடம் மாட்டிய எல்லோரும் இரண்டாவதைத்தான் நம்பினோம்.

சாத்தூர்ப் பக்கத்து மனிதர். ஐம்பதை நெருங்கிய வயது. என் அலுவலகத்தில் மென்பொருளைச் சோதித்துக் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை. நான் இருந்த அபார்ட்மென்ட்டிலேயே கீழ் வீடு. எனவே எனக்கு அலுவலகத்திலும் தப்பிக்க வழியில்லை, வீட்டிலும் இல்லை.

வந்த புதிதில் அவருக்கு ஒரு கஷ்டம். இங்கிலீஷ் நன்றாக எழுதுவார், படிப்பார். அமெரிக்கர்கள் பேசினால் மட்டும் புரியாது. "அவன் பேசி முடிச்சப்புறந்தான் தம்பி, அது இங்கிலீஷுன்னே தெரியுது" என்பார். டிவியில் செய்தி பாருங்கள் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னோம். அவர் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை, பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் கைப்பிடி சுற்றுகிற கிராமபோன் ஒன்று, ஊமத்தம்பூ மாதிரி குழாயோடு. கூடவே ஓர் அட்டைப்பெட்டி நிறைய பிளேட்டு. "இதில் பாட்டு கிடையாது, வெறும் பேச்சுதான்" என்று அந்த வீட்டு அம்மாள் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாராம். அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேச்சுக்குத்தானே அலைந்துகொண்டிருந்தார்!

அது என்ன பேச்சு என்று சொல்ல வேண்டும். ரேடியோ வராத காலத்தில் அமெரிக்காவில் காமெடிப் பேச்சுப் பிளேட்டுகள் விற்றிருக்கிறார்கள். ஒரு பட்டிக்காட்டு விவசாயி பட்டணத்துக்குப் போவான். போன இடத்தில் தான் முட்டாளான கதையைத் தானே சொல்லி, தானே விழுந்து விழுந்து சிரிப்பான். ஒரு பிளேட்டுக்கு மூன்று நிமிஷம். அதில் பாதி, வடைச் சட்டியில் எண்ணெய் பொரிகிற சத்தம்.

அண்ணன் தினமும் காலை ஆறு மணிக்கு எழுந்து, இதைப் போட்டுக் கேட்டு, கூடவே சொல்லிச் சொல்லிப் பழகினார். மாடியில் எனக்குத் தினமும் அந்தச் சிரிப்புதான் சுப்ரபாதம். நான்கே மாதத்தில் அமெரிக்க இங்கிலீஷ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடாயிற்று. என்ன, அது செத்து நூறு வருஷமான ஒரு விவசாயியின் இங்கிலீஷ்.

இது எங்களுக்குத் தெரியவந்தது ஒரு க்ளையன்ட் மீட்டிங்கில். ஒரு ப்ரோக்ராம் ஓடாமல் நின்றுவிட்டது. க்ளையன்ட் பக்கத்து மேனேஜர் பார்பரா, என்ன பிரச்சினை என்று கேட்டார். அண்ணன் எழுந்து, தோளில் இல்லாத கால்சட்டைப் பட்டியில் இரண்டு கட்டைவிரலையும் மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"வெல், ஐ ரெக்கன் திஸ் ஹியர் கன்ட்ராப்ஷன் இஸ் பஸ்டட், பை காலி!"

'இந்த எழவு மிஷின் படுத்துருச்சுடோய்' என்று அர்த்தம். சொல்லிவிட்டு "ஹீ ஹீ ஹீ ஹா!" என்று அந்தப் பிளேட்டுச் சிரிப்பைச் சிரித்தார். வேலை போயிற்று என்று நாங்கள் நினைத்தோம். பார்பரா மெதுவாகக் கேட்டார், இந்தியாவில் எந்தப் பகுதி? "சாத்தூர்" என்றார் அண்ணன். பார்பரா அதை மரியாதையாகக் குறித்துக்கொண்டார். தன் கொள்ளுத்தாத்தா இப்படித்தான் பேசுவார் என்று பிறகு சொன்னாராம். அன்றிலிருந்து எல்லா மீட்டிங்குக்கும் அண்ணனைத்தான் கூப்பிட்டார். நான் இரண்டு வருஷம் மூக்கால் பேசிப் பழகிய அழகான உச்சரிப்புக்கு மட்டும், "சாரி, திரும்பச் சொல்ல முடியுமா?" என்ற பதில்தான் கிடைத்துக்கொண்டிருந்தது.

'பை காலி' அந்தக் காலத்துப் பட்டிக்காட்டான் ஆச்சரியப்படும்போது சொல்கிற வார்த்தை. அண்ணன் மனைவி செல்வி அக்காவுக்கு அது தெரியாது. கடையில் முருங்கைக்காய் விலையைப் பார்த்து இவர் "பை காலி!" என்று கத்துவார்.

"காலின்னா எடுத்துப் போட்டு நிரப்புங்க. அதுக்கு எதுக்கு இந்தக் கத்து கத்துறீக?" என்பார் அக்கா.

அக்காவின் மட்டன் பிரியாணி பற்றி ஒரு வார்த்தை. அதுதான் தூண்டிலில் கோர்த்த புழு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிடுவார்கள். சாப்பிட்டுக் கை கழுவித் திரும்பினால், அண்ணன் கிராமபோனைச் சுற்றிக்கொண்டு நிற்பார். மூன்று நிமிஷப் பிளேட்டு முடிய முக்கால் மணி நேரம் ஆகும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஊசியைத் தூக்கிவிட்டு விளக்கம் சொல்வார். சிரிக்காவிட்டால் விடமாட்டார். "சிரிங்க தம்பி, இது சிரிக்கிற இடம்" என்று நினைவுபடுத்துவார். ஒரு குடும்பம் 'ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு' என்று சொல்லித் தப்பித்தது. அதே மாதத்தில் அவர்கள் மூன்று ஃப்ளைட் பிடித்தார்கள். அண்ணன் மூன்று தடவையும் நம்பி வழியனுப்பினார்.

அவருக்கு உயிரான பிளேட்டு ஒன்று இருந்தது. பட்டிக்காட்டான் பட்டணத்து ஹோட்டலுக்குப் போகிறான். வாசலில் ஒருவன் அவன் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறான். திருடன் என்று நினைத்து இவன் நான்கு மாடி துரத்துகிறான். மேலே போய் மடக்கிக் கழுத்தைப் பிடித்தால், அவன் பெட்டியை அறையில் வைத்துவிட்டு டிப்ஸுக்குக் கையை நீட்டுகிறான். அண்ணன் இந்த இடத்தில் ஊசியைத் தூக்குவார்.

"திருடுனதுக்குக் கூலி கேக்குறான் பாத்துக்கோங்க! எப்பேர்ப்பட்ட ஊரு!"

நாங்கள் வாட்சைப் பார்ப்போம்.

பிளேட்டு முடிந்ததும் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பார். "சரி, நீங்க வந்த புதுசுல என்ன கூத்து நடந்துச்சு? சொல்லுங்க." அதற்கு எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே பதில்தான் வைத்திருந்தோம். "எனக்கு ஒண்ணும் ப்ராப்ளமே இல்லண்ணே. ஃபர்ஸ்ட் டேல இருந்தே கம்ஃபர்டபிள்." எடிசன் தமிழர்களின் சொந்த வாக்குமூலத்தின்படி, இங்கே ஒருவர்கூடப் புதிதாக வந்தவர் கிடையாது. எல்லோரும் ஃப்ரீவேயிலேயே பிறந்தவர்கள்.

ஒரு ஞாயிறு, பிரியாணி மூன்றாவது தடவை வாங்கிச் சாப்பிட்ட கனத்தில், சோபாவைப் பார்க்காமல் உட்கார்ந்தேன். அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால், காகித உறைக்குள் அந்த ஹோட்டல் பிளேட்டு, ஐந்து துண்டாக.

அண்ணன் துண்டுகளைத் தரையில் வைத்து, ஒன்றோடொன்று சேர்த்து வட்டமாக்கிப் பார்த்தார். வட்டம் வந்தது. நடுவில் ஒரு சில்லு மட்டும் இல்லை. அது என் பேன்ட்டில் ஒட்டியிருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"அண்ணே, ஆன்லைன்ல சர்ச் பண்ணி வேற ஒண்ணு வாங்கித் தந்துடறேன்."

"வேணாம் தம்பி. விடுங்க."

"எனக்கு மனசு கேக்கல. நான் ஏதாவது செய்யணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு முட்டாளை உடைச்சிட்டீங்க. பதிலுக்கு ஒரு முட்டாளைக் குடுங்க."

அந்த ஐந்து துண்டுகளைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை. பதினோரு வருஷமாக என் மனைவிக்கே சொல்லாத ஒன்றைச் சொன்னேன். நான் அமெரிக்கா வந்த முதல் வாரம். கார் கிடையாது. பசி. ஒரு பர்கர் கடையில் உள்ளே கழுவிக்கொண்டிருந்தார்கள், காரில் வருகிறவர்களுக்கு மட்டும் ஜன்னலில் விற்பனை, அதாவது டிரைவ்-த்ரூ. எனக்கு அது தெரியாது. வரிசை என்றால் வரிசைதானே என்று, கார்களுக்கு நடுவில் நின்றேன். முன்னால் கார் நகர்ந்தால் நானும் நகர்ந்தேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. போலீஸ்காரர் மாதிரி விவரம் கேட்டார்.

"முன்னால என்ன வண்டி?"

"மினிவேன்."

"பின்னால?"

"பெரிய ட்ரக்குண்ணே. ஹார்ன் அடிச்சான். நான் கையைக் காட்டி, மெதுவான்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அங்க ஆர்டர் கேக்குற ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள இருந்து ஒரு பொண்ணு குரல், 'ப்ளீஸ் புல் ஃபார்வர்டு'ன்னுச்சு."

"வண்டியை முன்னால எடுங்கன்னு அர்த்தம்."

"அது இப்பத் தெரியுதுண்ணே. அன்னிக்கு இழுக்கச் சொல்றாங்கன்னு நெனச்சு, அந்தப் பெட்டியைப் பிடிச்சு இழுத்தேன். கையோட வந்துருச்சு."

அண்ணன் துண்டுகளைப் பழையபடி உறைக்குள் போட்டார். பிறகு, "எங்க சொன்னாலும் உங்க பேர் வராது தம்பி" என்றார்.

இதற்குப் பிறகு எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா வந்தது. ஒரு பள்ளிக்கூட அரங்கம், நானூறு பேர். ஊரில் எனக்கு அப்போது ஒரு அந்தஸ்து இருந்தது. புதிதாக வந்தவர்களுக்கு அமெரிக்காவில் எப்படி நடந்துகொள்வது என்று வருஷாவருஷம் டை கட்டிக்கொண்டு படம் போட்டுப் பேசுகிறவன் நான்தான். அடுத்த வருஷத் தலைவர் பதவிக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் அண்ணனுக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருந்தார்கள். செல்வி அக்கா சமையல் கமிட்டியில் இருந்ததால் மறுக்க முடியவில்லை. அறிவித்ததும் பாதிப் பேர் காபி குடிக்க எழுந்தார்கள்.

அவர் கிராமபோன் இல்லாமல், வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நம்மூர்த் தம்பி ஒருத்தன். வந்து ஒரு வாரந்தான் இருக்கும். பசி. பாத்தா, காருக எல்லாம் வரிசையில நிக்கிது. நம்ம பய என்ன செஞ்சான்? மினிவேனுக்குப் பின்னாடி போய் இவனும் ஒரு வண்டியா நின்னுட்டான்!"

எழுந்தவர்கள் நின்றார்கள். ட்ரக் ஹார்ன் அடித்தபோது உட்கார்ந்தார்கள். பெட்டி கையோடு வந்தபோது அரங்கம் அதிர்ந்தது. அவர் எங்கேயும் நிறுத்தவில்லை, விளக்கவில்லை, சிரிக்கச் சொல்லவில்லை. கடைசியில் அந்தப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போய், "அம்மா, இழுத்துட்டேன், வேற என்ன செய்யணும்?" என்று கேட்டார். இது மட்டும் அவர் சேர்த்தது. என் பக்கத்தில் என் மனைவி கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, எந்த லூசுங்க அது?"

நானும் சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாகவே சிரித்தேன். பேர் வரவில்லையே!

பிறகு என் பேச்சு. முதல் படம், வங்கிக் கணக்கு. இரண்டாவது படம், குளிர்கால உடை. பட்டனை அழுத்தினேன். மூன்றாவது படம், வருஷாவருஷம் நான் காட்டுகிற படம்தான், சுவர் அளவுக்குத் திரையில் வந்து நின்றது:

'டிரைவ்-த்ரூ வரிசையில் நடந்து செல்லக் கூடாது.'

உலகத்தில் ஒருவனைத் தவிர வேறு யாருக்கும் தேவைப்படாத அறிவுரை. முதல் வரிசையில் யாரோ "ஏய்!" என்றார்கள். அவ்வளவுதான். நானூறு பேரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள். என் மனைவி என்னை, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

மேடைக்குப் பின்னால் அவர் சட்டையைப் பிடிக்காத குறை.

"ஏண்ணே இப்படி மானத்தை வாங்கினீங்க?"

"தம்பி, நான் பேரே சொல்லல. நீங்கதான் படம் போட்டுக் காட்டிட்டீங்க."

பதில் சொல்ல முடியாத கோபம் இருக்கிறதே, அது மூன்று வாரம் தாங்கும். மூன்று வாரம் அவரோடு பேசவில்லை. தலைவர் பதவி என் பக்கம் வரவே இல்லை. ஆனால் விழா அன்றே சாப்பாட்டு வரிசையில் வேறு ஒன்று நடந்தது. ஊரில் பெரிய டாக்டர், இருபது வருஷமாக இங்கே இருப்பவர், என் காதருகில் வந்தார். "முதல் வின்டர்ல நான் ஒரு மணி நேரம் ஸ்னோ க்ளீன் பண்ணினேன் சார். முடிச்சுப் பாத்தா பக்கத்து வீட்டுக்காரன் கார்." அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் தங்கள் கதையோடு நின்றார்கள். அடுத்த நாளிலிருந்து, புதிதாக வந்த பிள்ளைகள் எனக்குப் போன் செய்து, வேறு யாரிடமும் கேட்க வெட்கப்படுகிற கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தார்கள். என் மனைவியோ, கல்யாணமானதிலிருந்து என்னிடம் இவ்வளவு பிரியமாக இருந்ததில்லை. அவளேதான் கீழே போய் அண்ணனையும் அக்காவையும் சாப்பிட அழைத்து வந்தாள்.

போன வருஷம் அண்ணனுக்கு டெக்சஸுக்கு வேலை மாற்றலாயிற்று. கிராமபோனுக்கு முன் சீட்டில் பெல்ட் போட்டார். அக்காவைப் பின் சீட்டில் உட்கார வைத்தார். அக்கா அதற்கு அவரைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

இப்போது ஞாயிறு தவறாமல் அவரிடமிருந்து வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜ் வருகிறது. அங்கே பிடித்த புது முட்டாள்களின் கதைகள். ஒவ்வொன்றும் பன்னிரண்டு நிமிஷத்துக்குக் குறையாது. யார் அனுப்பிய வாய்ஸ் மெசேஜையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பது என் வழக்கம். என் பாஸ், என் மாமனார், யாருக்கும் விலக்கில்லை.

அண்ணனுடையதை மட்டும் அவர் பேசுகிற வேகத்திலேயே கேட்கிறேன்.