கடைக்காரர் இல்லாத பங்க்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கிட்ட. லெஸ்யா அடுப்படியில்தான் இருக்கிறாள். அவள் காது கதவைத் தாண்டி வரும். எனக்கும் அவளுக்கும் கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம். அவளைக் கேட்டால் நான் இன்னும் தற்காலிக ஊழியன்தான்.

நாங்கள் கனடாவில் சஸ்காட்செவன் ஆட்கள். காலமெல்லாம் கோதுமை லாரி ஓட்டினேன். இப்போது பனி விழ ஆரம்பித்தால் காரை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குள் இறங்கி, அரிசோனா வெயிலுக்குப் போய்விடுவோம். மூன்று நாள் வழி. எங்களுக்கு ஆறு நாள் ஆகும். காரணம், பெட்ரோல் பங்க்.

அங்கே மிஷினில் கார்டைச் செருகினால், "உன் ஜிப் கோடு என்ன?" என்று கேட்கும்; பேங்க்கில் நாம் கொடுத்திருக்கும் விலாசத்தின் பின்கோடு அது. ஐந்து எண் அடிக்கணும். எங்கள் ஊர்க் கோடில் எழுத்து மூன்று, எண் மூன்று. மிஷினில் எழுத்தே கிடையாது. எதை அடித்தாலும் "கடைக்காரரைப் பாருங்கள்" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். சரி என்று உள்ளே போய்க் கார்டைக் கொடுப்போம். நான் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். லெஸ்யா வரமாட்டாள். கல்லாவில் நிற்கும் பெண்ணுக்கு எத்தனை பிள்ளை, எந்தப் பிள்ளைக்கு எந்தப் பல் ஆடுகிறது, அத்தனையும் விசாரித்தாகணும். கடைசியில் ஒரு கையில் அங்கே வாங்கிய பீங்கான் தவளை, மறு கையில் போனோடு வெளியே வருவாள்.

"ஒரெஸ்ட்! ஸ்டெஃபா வீடு இங்கேருந்து மூணே மணி நேரமாம்!"

ஸ்டெஃபா அவள் தங்கை. வயோமிங்கில் இருக்கிறாள். அவள் புருஷன் தாராஸ் என் சகலை. அவனிடம் ஆர்மோனியம் மாதிரி, மார்பில் மாட்டி வாசிக்கும் ஒரு அக்கார்டியன் இருக்கிறது. பாட்டு முடிந்தது என்று நாம் கை தட்டினால், "இது வெறும் ஆரம்பம்" என்பான். விடியும்போதும் அது ஆரம்பமாகவே இருக்கும். மூன்று வருஷமாகப் பனி, பல்வலி, டயர் என்று சொல்லித் தப்பித்து வருகிறேன்.

இந்த வருஷம் தப்பித்தே ஆகணும். சனிக்கிழமை அரிசோனாவில் குதிரை லாடம் எறியும் போட்டி. போன வருஷம் நெப்ராஸ்காக்காரன் டெல்மர் ஒரே ஒரு புள்ளியில் என்னைத் தோற்கடித்துவிட்டு, குளிர்காலம் முழுக்க அந்தப் பரிசுக் கோப்பையிலேயே காப்பி குடித்தான். என் கண் முன்னால். உறிஞ்சி உறிஞ்சி.

அதனால் சபதம் போட்டேன். இந்தப் பயணத்தில் எந்தக் கடைக்குள்ளும் கால் வைப்பதில்லை!

வழி சொன்னவன் பக்கத்துப் பண்ணை ஐவர். காலைக் காப்பிக் கூட்டத்தில் காதோடு சொன்னான். "எழுத்தைத் தூக்கிப் போடு. மூணு எண்ணையும் வரிசையா அடி. பின்னாடி ரெண்டு சைபர். மிஷின் வாயை மூடிக்கும்."

வியாழக்கிழமை எல்லை தாண்டினோம். முதல் பங்க். மூன்று, ஒன்று, நான்கு, சைபர், சைபர். பெட்ரோல் கொட்டியது! நான் பங்கைச் சுற்றி ஒரு குட்டி ஆட்டமே ஆடிவிட்டேன். லெஸ்யா கார் கதவைத் திறந்தாள்.

"எங்கே போறே?"

"உள்ளே, காசு கட்ட."

"கட்டியாச்சு! கதவைச் சாத்து!"

பின்னிக்கொண்டிருந்த காலுறையை மடியில் வைத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி பின்ன ஆரம்பித்தாள். அந்தப் பார்வைக்கு நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. சாயங்காலம் லாட்ஜில் அந்த ரகசியத்தை முழுசாக அவளிடமே சொல்லிப் பீற்றிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்கப் போனேன். வெளியே அவள் போனில் சிரித்துப் பேசுவது கேட்டது. தங்கையோடுதான் என்று நினைத்தேன்.

மறுநாள் பெரிய பங்க் ஒன்று வந்தது. கடை ஜொலித்தது.

"இங்கே போட்டுக்கோ, கிழவா."

"இன்னும் இருக்கு."

இன்னொன்று வந்தது.

"இங்கேயாவது போட்டுக்கோ. அப்புறம் என்னைச் சொல்லாதே."

"நான் ஒரு நல்ல இடம் பார்த்து வெச்சிருக்கேன்."

வைத்திருந்தேன். ஒரு நாற்சந்தி. இரண்டே மிஷின். கடையும் கிடையாது, மனுஷனும் கிடையாது. தவளை விற்க ஆளே இல்லாத பங்க்! பெட்ரோல் முள் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது போய் நிறுத்தினேன். கார்டைச் செருகினேன். மூன்று, ஒன்று, நான்கு, சைபர், சைபர்.

"கடைக்காரரைப் பாருங்கள்."

எங்கே பார்ப்பது? நாலு பக்கமும் புல்லுக்காடு. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பசுமாடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவேளை அதுதான் கடைக்காரரோ என்னவோ. கார்டைச் சட்டையில் தேய்த்து மறுபடி அடித்தேன். மறுபடியும் மாட்டைத்தான் பார்க்கச் சொன்னது.

லெஸ்யா கண்ணாடியை இறக்கினாள்.

"ரெண்டு தடவை ஆச்சு. மூணாவதும் தப்பா அடிச்சா பேங்க்காரன் கார்டையே பூட்டிருவான்."

"நேத்து வேலை செஞ்சுதே!"

"நேத்து நம்ம விலாசம் சஸ்காட்செவன்."

"இன்னிக்கு?"

"நீ பாட்டுப் பாடிக் குளிச்சியே, அப்போ பேங்க்குக்குப் போன் போட்டேன். குளிர்காலம் முழுக்க அமெரிக்காவிலதான் இருப்போம், தபாலெல்லாம் என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்புங்கன்னு சொன்னேன். உடனே மாத்திட்டாங்க. தங்கமான பொண்ணு. அவளுக்கு ரெட்டைப் பிள்ளைங்களாம்."

"அடிப்பாவி! ஸ்டெஃபா வீட்டு ஜிப் கோடு என்ன? சொல்லு!"

"உனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புறோமே."

அனுப்புகிறோம். விலாசம் எழுதுவது அவள். ஸ்டாம்பை நக்கி ஒட்டுவது நான். இருபது வருஷமாக அந்த உறைக்கு என் நாக்கைக் கொடுத்திருக்கிறேன், கண்ணைக் கொடுத்ததில்லை. கேட்டுப் பார்க்க என்னிடம் போனும் இல்லை. அவளிடம்தான் இருக்கிறது.

அவள் உருளைக்கிழங்கு கொழுக்கட்டை டப்பாவைத் திறந்து, ஆற அமரச் சாப்பிட ஆரம்பித்தாள்.

"ஒரு ராத்திரி," என்றேன்.

"மூணு."

"சனிக்கிழமை போட்டி, லெஸ்யா! வருஷம் பூரா எறிஞ்சு எறிஞ்சு தோள்பட்டையே கழண்டுபோச்சு!"

"நான் என் தங்கச்சியைப் பார்த்து மூணு வருஷம் ஆச்சு. உன் பல்வலின்னு ஒரு வருஷம், டயருன்னு ஒரு வருஷம். லாடம் இரும்பு, ஒரெஸ்ட். அடுத்த வருஷமும் அப்படியே இருக்கும். எங்களுக்கும் வயசாகுதுல்ல?"

 என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. டாங்க் நிரம்பட்டும். அவள் மதியம் எப்படியும் தூங்குவாள். சத்தமில்லாமல் தெற்கே திருப்பிவிட்டால், கண் விழிக்கும்போது அரிசோனா வழியில் யூட்டா!

"சரி, மூணு ராத்திரி," என்றேன், பூனை மாதிரி.

"அந்த மாட்டைச் சாட்சியா வெச்சுச் சொல்லு."

சொன்னேன். மாடு தலையை ஆட்டியது.

அவள் இறங்கி வந்தாள். தொப்பியைக் கழற்றி, நான் எட்டிப் பார்க்காதபடி மிஷினை மறைத்துக்கொண்டு ஐந்து எண்ணை அடித்தாள். பெட்ரோல் பாய்ந்தது. என் மனசும் யூட்டாவுக்குப் பாய்ந்தது. டாங்க் பாதியானதும் டக்கென்று நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்டே? ரொப்பு, ரொப்பு!"

"இது போதும். ஸ்டெஃபா வீட்டு வாசல் வரைக்கும் வரும்," என்று சொல்லி, கார்டைக் காலுறைக்குள் தள்ளி அதன் வாயைப் பின்னி மூடினாள்.